கிட்டாத ஒன்றைத் தேடி

நம் உள்ளங்கையை விரித்து வைத்தால், ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று வீதம் ஒரு நுண்துகள் அதன் ஊடே பாய்ந்து செல்கிறது; நாம் அதை உணர்வதில்லை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதுவதால் உண்டாகும் இத்துகளுக்கு மியூவான் என்று பெயர். அமெரிக்க விஞ்ஞானிகளான கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மையரும் இதனை 1936-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். எலெக்ட்ரானைப் போன்றதே இது. ஆயினும் எடையில் ஏறத்தாழ 207 மடங்கு மிகுந்தது. இதன் சராசரி ஆயுளோ ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு சொச்சமே.

மியூவான் சிதையும்போது ஓர் எலெக்ட்ரானும் இரண்டு நியூட்ரினோக்களும் வெளிப்படுகின்றன. இது வழக்கம். நியூட்ரினோ ஏதுமின்றி, ஓர் எலெக்ட்ரானும் ஒரு காமாக் கதிரும் மட்டுமாக அது சிதையக்கூடுமா? ஹிங்க்ஸ், பொன்டெகோர்வோ என்னும் இருவர் 1947-இல் கனடாவில் இதனை ஆராய்ந்தனர். அத்தகைய சிதைவு தென்படவில்லை. பின்வந்தோர் மேலும் நுட்பமான கருவிகளுடன் முயன்றனர், அவர்களுக்கும் தென்படவில்லை.

அந்த உழைப்பு வீணாயிற்றா? இல்லை. நியூட்ரினோ ஒரே வகையினதாயின் இச்சிதைவு தென்பட்டே தீரவேண்டும். தென்படாமையால் அது இருவகைப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் 1962-இல் அதனை மெய்ப்பித்தது. லெடர்மன், சுவார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் ஆகிய மூவர் அதற்காக 1988-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு வகை நியூட்ரினோ மற்றொரு வகையாக மாறுகிறது என்பதற்கு 1998-இல் ஜப்பானில் உறுதியான சான்று கிடைத்தது. அப்படியாயின் மியூவானும் எலெக்ட்ரானாக மாறலாம் அன்றோ? மாறலாம், ஆனால் இன்றைய கோட்பாட்டின்படி அது எக்கருவியாலும் காணவியலாத அளவுக்கு அரிது. ஆகவே அது ஒருமுறை ஐயமறக் காணப்படினும், நாம் அறியாத புதியதொரு விதி இயற்கையில் உண்டு என்பது உறுதியாகும்.

இத்தேடலில் முன்னணியில் நிற்பது, சுவிட்சர்லாந்தில் வில்லிகன் என்னும் ஊரிலுள்ள பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தின் 'மெக்' பரிசோதனை. அங்கே வினாடிக்குக் கோடிக்கணக்கான மியூவான்கள் மெல்லிய பிளாஸ்டிக் தகடொன்றில் வந்து நிற்கின்றன. அவை நேர்மின்னேற்றம் உடையவை ஆதலால், சிதையும்போது பாசிட்ரான் வெளிப்படும். காமாக் கதிரைப் பிடிக்க, கடுங்குளிரில் திரவமாக்கப்பட்ட செனான் வாயு ஏறத்தாழ 900 லிட்டர் காத்திருக்கிறது.

இரண்டும் ஒரே கணத்தில், சம ஆற்றலுடன், நேரெதிர்த் திசைகளில் புறப்பட வேண்டும். ஒரு மியூவானின் பாசிட்ரானும் வேறொரு மியூவானின் காமாக் கதிரும் தற்செயலாகச் சேர்ந்து வந்து ஏமாற்றக்கூடும். ஆதலால் ஒரு வினாடியின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் காலம் கணிக்கப்படுகிறது. அதுமட்டுமன்று; அடையாளம் தென்படக்கூடிய பகுதியின் பதிவுகளை விஞ்ஞானிகள் தம் கண்ணுக்கே மறைத்து வைக்கின்றனர். ஆய்வு முறைகள் யாவும் முடிவான பின்னரே திரையை விலக்குகின்றனர். காண விரும்புவதையே கண்டுவிடும் மனித இயல்புக்கு அவர்கள் இட்ட கடிவாளம் இது.

முதற் பரிசோதனையின் இறுதி முடிவு 2016-இல் வந்தது, தேடியது கிட்டவில்லை. கருவிகளைப் புதுப்பித்து 2021-இல் மீண்டும் தொடங்கினர். இச்சிதைவு உண்டெனினும், ஆறரை இலட்சங்கோடி மியூவான்களுள் ஒன்றுக்கு மேல் அவ்வாறு சிதையாது என்று 2025-இல் அறிவித்தனர். மியூவான் எலெக்ட்ரானாக மாறுவதை வேறு வழியில் தேட அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடமும் ஜப்பானின் ஜே-பார்க் நிலையமும் முனைந்துள்ளன.

தேர்வில் விடை கிட்டாவிடின் சோர்ந்துபோகும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக 'இல்லை' என்ற விடையே வந்துகொண்டிருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அந்த 'இல்லை' முன்னிலும் துல்லியமாகியிருக்கிறது; பிழையான கோட்பாடுகள் பல அதனால் விலக்கப்பட்டுள்ளன.