பந்தியிலிருந்து எழுப்பலாமா?

மன்னார்ப் பட்டினத்தை நாடிச் செல்வோர் முதலிற் காண்பது அதன் பழைய கோட்டையையன்று. தள்ளாடியிலிருந்து தீவுக்குச் செல்லும் பாலவீதியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பையே. மாரி காலத்தில் சைபீரியா, மத்திய ஆசியா முதலிய குளிர்நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் பறந்து வந்து இங்கே தங்குகின்றன. எனினும், வழிப்போக்கரைத் தரித்து நிற்கச் செய்வது பூநாரையே.

பூநாரை உண்ணும் விதம் விந்தையானது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரிற் கவிழ்த்து, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, சிற்றுயிர்களைச் சல்லடையில் அரிப்பதுபோல் அரித்தெடுக்கும். அதன் செந்நிறமும் பிறவியில் வந்ததன்று. குஞ்சின் நிறம் சாம்பல். உணவிலுள்ள நிறப்பொருளே பின்னர் இறகைச் சிவப்பிக்கின்றது.

ஒரு தை மாதக் காலையில், சிறுவர் சிலருடன் நாம் அவ்வீதியோரம் நின்றோம். எம்முடன் வந்த சிறுவனொருவன் பலமாகக் கைகொட்டினான். பறவைகள் யாவும் ஒருங்கே எழுந்தன, வானம் சிவந்தது. அவனைத் தடுக்க வேண்டிய நாமும் மெய்மறந்து பார்த்து நின்றோம் என்பதை ஒளிப்பானேன்?

அண்மையில் வலையை உதறிக்கொண்டிருந்த முதியவர் எம்மை நோக்கி, "பந்தியில இருக்கிறவனை எழுப்பலாமோ, தம்பி?" என்றார். எமக்கு நாணமாயிற்று.

அவர் கூறியது உண்மையே. வலசை வரும் பறவைகள் இங்கு உண்டு சேர்க்கும் கொழுப்பே திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு. வீணே எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அதிற் சிறிது கரைந்துபோகிறது.

வங்காலையைச் சார்ந்த இந்நிலம் 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும், வீதியோரத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காவலரை நியமித்தல் இயலுமா?

அன்று நாம் ஓசையின்றி அமர்ந்திருந்தோம். அரைமணி நேரத்தின் பின் பூநாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முன்னிலும் அருகே வந்து மேய்ந்தன. கைகொட்டிய சிறுவனே விரலை உதட்டில் வைத்து மற்றவர்களை அடக்கினான்.

மாணவர்களே, மன்னாருக்குச் செல்லும்போது தொலைநோக்கியும் குறிப்புப் புத்தகமும் கொண்டு செல்லுங்கள். காலையிலேயே சென்று, அமைதியாக அமர்ந்து பாருங்கள். விருந்தினர் வயிறார உண்ணட்டும்.