டேஷ்போர்டுல துப்பாக்கி: கம்பெனி கேள்வி கேட்க முடியுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் டல்லாஸ்ல வேலை பாக்கற என் காலேஜ் நண்பன். எச்-1பி விசால போய் ஆறு மாசம்தான் ஆகுது. டீம்ல ஒருத்தரோட டிரக்ல லஞ்சுக்குக் கிளம்பியிருக்கான். டிஷ்யூ எடுக்கலாம்னு டேஷ்போர்டைத் திறந்தா, உள்ள பிஸ்டல். ஓட்டினவர் ரொம்ப சாதாரணமா, "டிஷ்யூ பின்சீட்ல இருக்கு"ன்னாராம்.

அன்னைக்கு ராத்திரியே எனக்கு போன். "மச்சான், ஆபிஸ் வாசல்லயே துப்பாக்கி கொண்டுவரக் கூடாதுன்னு இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் பெரிய எழுத்துல போர்டு இருக்கு. இவர் அம்பது அடி தள்ளி கம்பெனி பார்க்கிங்லயே வெச்சிருக்கார். எச்.ஆர்.கிட்ட சொல்லணுமா? சொன்னா அவர் வேலை போயிடுமா?"

எனக்குப் பதில் தெரியல. ரெண்டு வாரம் சட்டம், தீர்ப்புன்னு படிச்சேன். நான் வக்கீல் இல்ல, கோடு எழுதறவன். அதை மனசுல வெச்சுக்கிட்டு கேளுங்க.

முதல்ல ஒரு தப்பான புரிதலை ஓரங்கட்டிடலாம். துப்பாக்கி வெச்சுக்கிறது அமெரிக்காவுல அரசியலமைப்பு உரிமை, அதனால கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இரண்டாவது திருத்தம் கட்டுப்படுத்தறது அரசாங்கத்தை. தனியார் முதலாளியை இல்ல. அதோட அங்க பெரும்பாலான வேலைகள் 'அட்-வில்' முறையில இருக்கு. காரணமே சொல்லாம இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். இனம், மதம், பாலினம் மாதிரி சட்டம் தடுத்திருக்கிற சில காரணங்களுக்காக மட்டும் அனுப்பக் கூடாது. அப்படின்னா டிரக்ல துப்பாக்கி வெச்சவரையும் தூக்கலாம்தானே? 2002 வரைக்கும் பொதுவா அதான் நிலைமை.

2002 அக்டோபர் 1. ஓக்லஹோமா மாநிலத்தோட தென்கிழக்கு மூலையில வேலியன்ட்னு ஒரு குட்டி ஊர். அங்க அப்போ வேயர்ஹவுசர்ங்கிற பெரிய மரக் கம்பெனியோட காகித ஆலை இருந்துச்சு. போதைப்பொருள் இருக்கான்னு பாக்க மோப்ப நாய்களை வெச்சு பார்க்கிங்ல நின்ன வண்டிகளைச் சோதனை பண்ணாங்க. சில வண்டிகள்ல துப்பாக்கி கிடைச்சுது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை போச்சு. அது வேட்டைக்காரங்க நிறைஞ்ச பகுதி. வேலைக்கு முன்னாடியோ முடிஞ்சோ மான் வேட்டைக்குப் போறவங்க, துப்பாக்கி வண்டியிலயேதான் கிடக்கும். உள்ள கொண்டு வராதேன்னு முன்னாடியே விதி இருந்தது. அதை பார்க்கிங் வரைக்கும் நீட்டினது அந்த வருஷம்தான். வேலை போனவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006ல மேல்முறையீட்டிலயும் தோத்தாங்க.

கோர்ட்ல தோத்தவங்க சட்டசபையில ஜெயிச்சதுதான் இதுல திருப்பம். 2004லயே ஓக்லஹோமா ஒரு சட்டம் போட்டுடுச்சு: பூட்டின வண்டிக்குள்ள சட்டப்படி வெச்சிருக்கிற துப்பாக்கியை எந்தக் கம்பெனியும் தடை செய்யக் கூடாது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? கோனோகோபிலிப்ஸ் எண்ணெய்க் கம்பெனி வழக்குல இறங்கினதும், துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்.ஆர்.ஏ. அவங்க பெட்ரோல் பங்க் பக்கமே போகாதீங்கன்னு புறக்கணிப்பு அறிவிச்சுது. 2007ல மாவட்ட நீதிபதி கம்பெனிகள் பக்கம் நின்னார். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான பணியிடம் தரணும்னு மத்திய சட்டம் சொல்லுது, மாநிலச் சட்டம் அதோட மோதுதுன்னார். 2009ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்துது. துப்பாக்கி பத்தி பணியிடப் பாதுகாப்பு அமைப்பே எந்த விதியும் போடல, போட மறுத்திருக்கு, அப்புறம் மோதல் எங்க இருந்து வரும்னு கேட்டுது. எங்க இடம், எங்க சொத்துரிமைங்கிற வாதமும் எடுபடல.

அதுக்கப்புறம் இந்த மாதிரி சட்டம் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவிடுச்சு. ஃபுளோரிடாவுல 2008 ஜூலை 1 முதல். அங்க விதிவிலக்குகளைப் படிச்சா சிரிப்பு வரும். பள்ளிக்கூடம், சிறை, அணுமின் நிலையம், சரி. வெடிபொருளுக்கு மத்திய அரசு அனுமதி வாங்கின கம்பெனிக்கும் விலக்கு. டிஸ்னி வேர்ல்டு உடனே கை தூக்கிடுச்சு: நாங்க வாணவேடிக்கை நடத்தறோம், எங்ககிட்ட அந்த அனுமதி இருக்கு!

டெக்சாஸ்ல 2011 செப்டம்பர் 1 முதல். நண்பன் கேள்விக்குப் பதில் இங்கதான். கட்டிடத்துக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு கம்பெனி சொல்லலாம், அந்த போர்டு செல்லும். பார்க்கிங்ல சொந்த வண்டியைப் பூட்டி, சட்டப்படி வெச்சிருக்கிற துப்பாக்கியை உள்ள வெச்சா, பொதுவா தடுக்க முடியாது. கம்பெனி கொடுத்த வண்டின்னா தடுக்கலாம். பதிலுக்கு, அந்தத் துப்பாக்கியால ஏதாவது நடந்தா கம்பெனி மேல நஷ்டஈடு கேட்க முடியாதுன்னு சட்டமே பாதுகாப்பும் குடுத்திருக்கு, மகா அலட்சியம் இருந்தா ஒழிய.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது மிசிசிப்பி. 2013ல விமானத் தயாரிப்புக் கம்பெனி ஒண்ணுல, டிரக்ல பூட்டி வெச்ச துப்பாக்கிக்காக ஒருத்தரை நீக்கினாங்க. மாநில உச்ச நீதிமன்றம் 2016ல, இந்த நீக்கத்துக்கு எதிரா அவர் வழக்குப் போடலாம்னு சொல்லிடுச்சு. அதுவரைக்கும் அந்த நீதிமன்றம் அட்-வில் விதிக்கு ஏத்துக்கிட்ட விலக்கு ரெண்டே ரெண்டு. முதலாளி சொன்ன சட்டவிரோத வேலையைச் செய்ய மறுத்ததுக்காக நீக்கக் கூடாது, முதலாளியோட சட்டவிரோதத்தைப் புகார் பண்ணதுக்காக நீக்கக் கூடாது. மூணாவதா வந்து சேர்ந்தது டிரக்ல இருக்கிற துப்பாக்கி. உடம்பு சரியில்லாம நாலு நாள் லீவு போட்டதுக்கு இதே அளவு பாதுகாப்பு எத்தனை இடத்துல இருக்கு? துப்பாக்கிக்காரங்க சட்டசபையில குரல் உள்ளவங்க, அதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது. அந்தச் சட்டத்துலயே ஒரு ஓட்டையும் இருக்கு. பார்க்கிங்குக்கு கேட்டோ செக்யூரிட்டியோ வெச்சு உள்ள வர்றவங்களைக் கட்டுப்படுத்தினா கம்பெனி தடை போட்டுக்கலாம். உரிமை இருக்கா இல்லையாங்கிறதை ஒரு கேட் முடிவு பண்ணுது.

பயம் வீண்னு சொல்ல வரல. 2008 ஜூன் 25, ஃபுளோரிடா சட்டம் அமலுக்கு வர ஆறு நாள் முன்னாடி, கென்டக்கியில ஹெண்டர்சன் ஊர் பிளாஸ்டிக் ஆலையில ஒரு தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு. துப்பாக்கி அவர் கார்ல இருந்தது. 5 பேரைச் சுட்டுக் கொன்னுட்டு தன்னையும் சுட்டுக்கிட்டார். 2005ல வந்த ஓர் ஆய்வு வட கரோலினா பணியிடங்களைப் பாத்துது. துப்பாக்கிக்கு அனுமதி இருந்த இடங்கள்ல, எந்த ஆயுதமும் கூடாதுன்னு இருந்த இடங்களை விட, தொழிலாளி கொல்லப்படற வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு அதிகம்னு சொன்னாங்க. ஆபத்தான வேலை நடக்கிற இடத்துலதான் துப்பாக்கியும் அனுமதிச்சாங்களான்னு கேட்கலாம், நியாயமான கேள்வி. திருட்டு இன்னொரு பக்கம். எஃப்.பி.ஐ. தரவுகளை வெச்சு எவ்ரிடவுன் அமைப்பு போட்ட கணக்குப்படி துப்பாக்கி அதிகமா திருடுபோறது கார்கள்ல இருந்துதான். அவங்க துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கிற தரப்பு, அதையும் சொல்லிடறேன்.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். அவர் வண்டியில துப்பாக்கி இருக்கிறது எச்.ஆர்.க்குப் போற விஷயமே இல்ல. அவர் யாரையாவது மிரட்டினா, எடுத்துக் காட்டினா, அன்னைக்கே போகணும். இந்தச் சட்டம் பூட்டி வெச்சிருக்கிறதைத்தான் காப்பாத்துது, மிரட்டறதை இல்ல.

அதை விட முக்கியம் அவனோட விசா. எச்-1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசால இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கவே கூடாதுன்னு அமெரிக்க மத்திய சட்டம் சொல்லுது. ஒரு மாநிலத்தோட வேட்டை லைசென்ஸ் இருக்கிறது மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. மீறினா 15 வருஷம் வரைக்கும் சிறை. கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்ல. அதாவது, ஒரே பார்க்கிங்ல ஒரே டீம் ஆளுங்க ரெண்டு பேர். ஒருத்தரோட துப்பாக்கியைக் கம்பெனி தொட முடியாது. இன்னொருத்தன் அதைக் கையில வாங்கிப் பாத்தாலே சிக்கல் வரலாம். வீக்எண்ட்ல ஷூட்டிங் ரேஞ்சுக்கு வாடான்னு டீம்ல கூப்பிட்டா, போறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேளுன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "டேஷ்போர்டைத் திறந்தப்ப அதை நகர்த்தி வெச்சுட்டு டிஷ்யூ தேடலாம்னுதான்டா கையை நீட்டினேன்"னான்.