அனுப்பும் முன் ஒரு நிமிடம்!

எடப்பாடி விசைத்தறிக் கூடமோ, சென்னை அடுக்ககமோ... 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க, எல்லாருக்கும் அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பெற்ற மனம் பதறத்தான் செய்யும்.

2018 மே மாதம் அந்தப் பதற்றம் ஓர் உயிரையே பறித்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. வதந்தியை நம்பியிருந்த கும்பல், பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார்.

ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி அதே ஆண்டு இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால், ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினாலே ஊர் முழுக்கப் பரவிவிடுமே!

எந்த ஊர், என்றைக்கு, யார் சொன்னது? இந்த மூன்றும் இல்லாத தகவலை அனுப்பாதீர்கள். சந்தேகமிருந்தால் காவல் நிலையத்தில் கேளுங்கள். பொய் என்று தெரிந்தால் குரூப்பிலேயே சொல்லுங்கள், அனுப்பியது பெரியப்பாவாகவே இருந்தாலும்!