விரதமும் சலரோகமும்

1922 சனவரியில், ரொறன்ரோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் நீரிழிவுக்குப் பட்டினியே பெரிதும் சிகிச்சையாயிருந்தது. மருந்து வந்தபின் உணவும் மருந்தும் ஒன்றையொன்று அளந்து செல்லவேண்டியதாயிற்று. ஆதலால் இன்று வைத்தியரோடு போசணையாளரும் தாதியும் கூடித் தொழிற்படுகின்றனர்.

இவர்கள் கூடாவிடின் நேர்வது யாது? நம்மவர் நோற்கும் கந்தசட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு நாளும் பாலும் பழமும் மாத்திரம் உண்பவர், கிளிக்கிளசைட்டு மாத்திரையை வழமைபோல் விழுங்குகின்றார். உணவு குறைந்த உடலிலும் அம்மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்யும். குருதியிற் சீனி தெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் தாழ, வியர்வையும் நடுக்கமும் உண்டாகும். கவனியாதுவிடின் உணர்வும் தப்பும். விரதக்களை என்றே வீட்டார் எண்ணியிருப்பர்.

விரதத்தை விடுமாறு பணிப்பது எளிது, கேட்பார்தாம் அரியர். சில வாரங்களுக்கு முன்னரே கிளினிக்கில் சொல்லிவிட்டால், வைத்தியர் மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றுவார். போசணையாளர் பாலையும் பழத்தையும் நாள் முழுதும் பங்கிட்டு, பாறணைச் சோற்றுக்கும் அளவு வகுப்பார். மாத்திரை மாறியதை அவர் அறியாவிடின் அவ்வளவு பிழைத்துப்போம். எனவே ஒரே கிளினிக் கொப்பியில் யாவரும் எழுதுதல் வேண்டும். விரல்நுனிக் குருதியைச் சோதிக்கத் தாதி பழக்குவார். 70 இற்குக் கீழ் இறங்கினால், உணர்வு இருக்கையிலேயே மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துப் பருகவேண்டுமென்றும், அன்றோடு விரதம் நிற்குமென்றும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பவரும் அவரே.