ஆக்சிலும் பிரேக்கும் வாங்குமுன்: சொந்தமாகப் பந்தயக் கார் கட்டுவோருக்கு

கோவையில் பந்தயக் கார் கட்டும் ஆசைக்கு வயது அதிகம். மாருதி 800 எஞ்சினை வைத்து எஸ். கரிவரதன் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்களில்தான் நம் நாட்டின் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் பழகினார்கள். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய ஓடுதளம் 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. இன்று பொறியியல் மாணவர்கள் தாங்கள் கட்டிய கார்களோடு அங்கே போட்டிக்கு வருகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் ஓய்வு நேரத்தில் கார் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சாலைக் காரின் பாகங்களைக் கொண்டு பந்தயக் கார் கட்டுவதில் தவறில்லை. ஆனால் எல்லாப் பாகங்களும் ஒன்றல்ல. எஞ்சின் நின்றால் கார் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். சுழலும் ஆக்சில் உடைந்தால் அதன் முனை அருகிலிருக்கும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் அடித்துக் கிழிக்கலாம். மாணவர் கார்கள் பலவற்றில் பின்பக்கத்துக்கு ஒரே பிரேக் டிஸ்க்தான். அது டிஃபரென்ஷியல் பக்கத்தில் இருக்கும். அந்த அமைப்பில் பிரேக்கின் விசை சக்கரத்துக்குப் போவதே ஆக்சில் வழியாகத்தான். ஆக்சில் போனால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும். ஆகவே இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆக்சில்: முதல் கியரில் கணக்கிடுங்கள்

எஞ்சினின் முறுக்குவிசையை மட்டும் பார்த்து ஆக்சில் வாங்குவது பலரும் செய்யும் பிழை. ஓர் உதாரணம்: எஞ்சின் தருவது 60 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 3.5 மடங்கும், டிஃபரென்ஷியலோடு சேர்ந்த ஃபைனல் டிரைவ் 4.3 மடங்கும் பெருக்கினால் 900ஐத் தாண்டுகிறது. இரு பக்கமும் சமமாகப் பிரிந்தாலும் ஓர் ஆக்சிலுக்கு 450 வரும். டிஃபரென்ஷியல் பூட்டிக்கொண்டால் பெரும்பங்கு ஒரே பக்கம் விழும். பிடிப்புள்ள டயரோடு கிளட்சைச் சட்டென்று விட்டால் அந்த அதிர்ச்சி இன்னும் மேலே போகும்.

அடுத்தது லேத் வேலை. திட ஷாஃப்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் ஷாஃப்டை 22 ஆகக் கடைந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலிமை போகிறது. கடினப்படுத்திய மேல்தோலும் சீவப்பட்டுவிடும். நீளம் ஒத்துவரவில்லை என்று நடுவே வெட்டி வெல்டு வைப்பது இதைவிட ஆபத்து. வெல்டின் சூடு பட்ட இடத்தில் எஃகின் தன்மை மாறிவிடும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். செலவானாலும் இஎன்24 போன்ற உலோகக்கலவை எஃகில் புதிய ஷாஃப்ட் செய்து, ஸ்பிளைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் முடித்து, கடினத்தன்மை அளந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியபின் சஸ்பென்ஷனை முழுக்க மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எந்த நிலையிலும் உள்பக்க ஜாயின்ட் முட்டவும் கூடாது, கழன்று வரவும் கூடாது. ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகும். அந்த ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

பிரேக்: பெரியது எல்லாம் பலமானதல்ல

500 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 2.78 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. 60 கிலோமீட்டரில் இதில் கால்பங்குதான். வேகம் இரட்டித்தால் டிஸ்க்கும் பேடும் வாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு என்று பொருள். தெருவில் ஓட்டிப் பார்த்து ‘பிரேக் நன்றாகப் பிடிக்கிறது’ என்று முடிவு செய்வது இதனால்தான் ஏமாற்றும்.

மாஸ்டர் சிலிண்டர் பெரிதாக இருந்தால் பிரேக் பலமாக இருக்கும் என்ற எண்ணம் தலைகீழானது. மிதி வழியாக ஒரு சிலிண்டருக்கு 1,000 நியூட்டன் விசை வந்தால், 16 மில்லிமீட்டர் துளையில் சுமார் 50 பார் அழுத்தம் கிடைக்கும்; 19 மில்லிமீட்டரில் 35 பார்தான். துளை சிறிதானால் மிதி ஆழமாக இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. காலிப்பரோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வாங்க வேண்டும்.

முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்று, தனித்தனி ஆயில் கிண்ணம் இருக்கட்டும். ஒன்று கசிந்தாலும் மற்றது காரை நிறுத்தும். மாணவர் ஃபார்முலா போட்டிகளின் விதியும் இதுவே.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி மிதி தரையைத் தொடும். திறந்து வைத்த பழைய டப்பாவை மிச்சம் பிடிக்காதீர்கள். சிலிகோன் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

பழைய டிஸ்க் வாங்கினால் அதில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனைக் கண்டுபிடித்து அளந்து பாருங்கள். பழைய பேடின் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலுக்குப் போகும்.

கடையில் உங்கள் உரிமை

சென்னை ஜி.பி. ரோட்டில் புதிய பாகமும் புதுப்பேட்டையில் பழைய பாகமும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் கடைக்காரர் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும்.

ஒரிஜினல் என்று சொல்லிப் போலி வணிகக்குறியோடு விற்றால், வணிகக்குறிச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் கைகொடுக்காத இடம்

வாங்கிய பாகத்தை நீங்கள் வெட்டினாலோ, கடைந்தாலோ, மாற்றினாலோ, அதன்பின் வந்த தீங்குக்கு விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. லேத்தில் ஏறிய ஆக்சிலுக்கு நீங்களே உற்பத்தியாளர். மாற்றாமல் பொருந்தும் பாகத்தைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவு செய்யாத காரைப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால், மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சாதாரண வாகனக் காப்பீடும் பந்தயத்துக்குச் செல்லாது. ஓடுதளத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

பாகம் உடைந்தால்

உடைந்த துண்டைக் கழுவாதீர்கள், மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். உடைந்த முகம்தான் சாட்சி. படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் ஆணையம் பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்.

இந்த வழிகள் எல்லாம் ஓட்டியவர் உயிரோடு வெளியே வந்தபின் உதவுபவை. அதனால் முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். காலியான ஓடுதளத்தில், மெதுவான வேகத்தில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு மிதியை அழுத்துங்கள். நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நிற்க வேண்டும். பிறகு கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த விரல் காய்ந்தபடி வந்தால் மட்டும் அடுத்த கியரைப் போடுங்கள்.