வளாக வாயில்கள் திறக்கட்டும்

பல்கலைக்கழகக் கலைவிழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நினைவுப் பேருரைகளும் மாணவர்க்கு மட்டுமே உரியனவல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றார். மாணவர்கள் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினர். பாமரர் ஆட்டமென ஒதுக்கப்பட்ட கலைக்குப் படித்தோர் மத்தியில் மதிப்புக் கிடைத்தது. அது கிராமம் வளாகத்துக்கு வழங்கிய கொடை.

அக்கடனை வளாகம் எவ்வாறு தீர்க்கலாம்? நிகழ்ச்சி நிரல் பீடத்தின் அறிவித்தற் பலகையோடு நின்றுவிடலாகாது. யாழ்ப்பாணத்திலாயினும் வந்தாறுமூலையிலாயினும் ஒலுவிலிலாயினும், திகதி, நேரம், மொழி, அனுமதி விபரங்கள் அயற் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் முன்கூட்டியே எட்டவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மண்டபத்தில் அருகருகே அமர்ந்து உரை கேட்கும் மாலைப்பொழுது, பல ஒற்றுமை மாநாடுகளுக்கு ஈடானது.