கல்கத்தாவின் இரு கழகங்கள்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியேறும் நம்மவர், வங்க மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுமுன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ‘தாங்கள் மோகன் பகான் கட்சியா, ஈஸ்ட் பெங்கால் கட்சியா?’ என்பதே அது. நம்மிடம் இதனை வேடிக்கையாகக் கேட்பார்கள். வங்காளிகள் தமக்குள் கேட்டுக்கொள்ளும்போதோ, ‘உம்முடைய பாட்டனார் எந்த ஊரினின்று வந்தவர்?’ என்பதே அதன் உட்பொருள். ஒரு கால்பந்தாட்டத்தின் மேல் இவ்வளவு பெரிய பாரம் ஏறியது எவ்வாறு என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

மோகன் பகான் மேற்கு வங்கத்தாரின் கழகம் என்றும், ஈஸ்ட் பெங்கால் பிரிவினையால் வந்த அகதிகளின் கழகம் என்றும், 1947-ஆம் ஆண்டே இப்பகைக்குத் தாய் என்றும் பலர் சொல்வர். இது பாதி உண்மையேயாகும். இரண்டு கழகங்களும் பிரிவினைக்கு முற்பட்டவை.

மோகன் பகான் 1889-இல் தோன்றியது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் அது வென்றது. வெற்றி பெற்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தைத் துண்டாடிய புண் அன்று ஆறியிருக்கவில்லை. ஆகையால் பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வெறுங்கால் வங்காளிகள் வீழ்த்திய செய்தி, ஓர் அரசியல் செய்தியாகவே எங்கும் பரவிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அப்பிரிவினை ரத்தாகுமென அறிவிக்கப்பட்டது. தலைநகரமும் டில்லிக்கு மாறியது. ஒன்றுக்கொன்று காரணமென நாம் சொல்லவில்லை. ஜனங்களின் நினைவில் மட்டும் அவை ஒன்றாகவே முடிச்சிடப்பட்டன. அன்றைய மோகன் பகானின் வெற்றி, கிழக்கும் மேற்குமான வங்காளம் முழுமைக்கும் உரிய வெற்றி.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை அத்துணைப் பெரியதன்று. 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்தபோது, சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்க ஆட்டக்காரரை விலக்கிவிட்டது. அக்கழகத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அதனைப் பொறாமல் வெளியேறினார். ஆகஸ்டு முதல் தேதியன்று புதிய கழகம் அமைந்துவிட்டது. கிழக்கு மாவட்டங்களினின்று படிக்கவும் பிழைக்கவும் வந்தோரைத் தலைநகரத்தார் பட்டிக்காட்டாரென எண்ணி நகைத்த காலம் அது. லீக் பந்தயத்தின் முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் ஆடலாகாது என்றொரு விதியும் அப்போது இருந்தது. அதனைத் தளர்த்தச் செய்தே ஈஸ்ட் பெங்கால் உள்ளே நுழைந்தது. 1925 மே 28-ந் தேதி முதல் லீக் மோதலில் மோகன் பகானை 1-0 என்று வென்றது.

ஆயினும் முப்பதுகளில் நகரத்தைக் கலக்கிய கழகம் இவ்விரண்டுமல்ல. முகம்மதன் ஸ்போர்ட்டிங் 1934-இல் முதற் பிரிவுக்கு வந்த ஆண்டிலேயே லீக் விருதைக் கைப்பற்றி, 1938 வரை ஐந்து ஆண்டுகள் விடாமல் வைத்துக்கொண்டது. இந்தியக் கழகம் ஒன்று அவ்விருதை வென்றது அதுவே முதல் தடவை. அரசியலில் வகுப்புப் பூசல் முற்றிக்கொண்டிருந்த நாள் அது. அக்கழகத்தின் வெற்றிகளை முஸ்லிம் ஜனங்கள் தம் சமூகத்தின் வெற்றிகளாகவே கொண்டாடினர். அன்று மைதானத்தைப் பிளந்த கோடு கிழக்கு மேற்கு என்பதன்று. 1939-இல் பந்தய நிர்வாகத்தோடு பிணங்கி முகம்மதன் ஸ்போர்ட்டிங் வெளியேறியபோது, அதனுடன் கைகோத்து வெளியேறியவற்றுள் ஈஸ்ட் பெங்காலும் ஒன்று என்பதை இன்று எண்ணிப் பார்க்க வியப்பாயிருக்கிறது!

பிறகு 1947 வந்தது. டாக்கா, பரிசால், பரீத்பூர், மைமன்சிங் முதலிய இடங்களினின்று லட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லை கடந்தன. சியால்டா ரயில் நிலையத்தின் நடைமேடைகளே பலருக்கு முதல் வீடாயின. நகரின் தெற்கே, ஜாதவ்பூர்ப் பக்கம் காலி நிலங்களில் மூங்கிலும் ஓலையும் கொண்டு இரவோடிரவாகக் காலனிகள் எழுந்தன. அனுமதியின்றிக் குடியேறியோரை அகற்ற 1951-இல் மேற்கு வங்க அரசு சட்டமே இயற்றியது. உள்ளூராருக்கும் இது எளிய காலமன்று. பஞ்சத்தையும் கலவரத்தையும் கண்ட நகரத்தில், வேலைக்கும் வீட்டுக்கும் அரிசிக்கும் போட்டி பன்மடங்காயிற்று. உத்தியோகத்தில் இடமில்லை, ரேஷன் அட்டையில் பெயரில்லை, சொந்த ஊருக்குத் திரும்ப வழியுமில்லை என்று நின்றவனுக்கு, இழந்த நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரே ஸ்தாபனமாகக் கல்கத்தா மைதானத்தில் நின்றது அந்தக் கால்பந்துக் கழகம். கழகம் தானாகத் தேடிக்கொண்ட பொறுப்பல்ல அது; சரித்திரம் கொண்டுவந்து அதன் தலையில் வைத்தது.

அந்த ஆண்டுகளில் கழகமும் தோற்றுப்போகவில்லை. 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கேடயத்தை வென்றது. 1951, 1952 இரண்டிலும் டில்லியில் டூராண்ட் கோப்பையையும் வென்றது. அகதிகளின் காலனிகளுக்கு இவ்வெற்றிகளைத் தேடித் தந்த முன்னணி ஆட்டக்காரர் ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்றழைத்தனர். அவர்கள் யாவர்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமத் கான், சாலே. ஐவருமே தென்னாட்டார்! அப்பாராவ் ஆந்திரர், அகமத் கான் பெங்களூர்வாசி, சாலே திருவாங்கூர்ச் சீமையினர். கிழக்கு வங்கத்தானின் மானத்தைக் காத்தவருள் பத்மா நதியைக் கண்டு வளர்ந்தவர் ஒருவருமில்லை. எதிர்ப்பக்கமோ, மோகன் பகானின் ‘சீன மதில்’ எனப் புகழ்பெற்று, 1962-இல் கால்பந்தாட்டக்காரருள் முதன்முதலாகப் பத்மஸ்ரீ விருது பெற்ற கோஷ்ட பால், கிழக்கே பரீத்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். ஐதராபாத்தில் பிறந்து, வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டுக்காக ஆடிப் பெயர் பெற்ற கோல் காவலர் பீட்டர் தங்கராஜ், முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடினார். சண்டை ரசிகருடையது, ஆட்டக்காரர் எங்கிருந்தும் வரலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சண்டையின் சொற்களும் சுவையானவை. கிழக்கத்தியாரைப் ‘பாங்கால்’ என்றும், மேற்கத்தியாரைக் ‘கோட்டி’ என்றும் பரஸ்பரம் ஏசிக்கொள்வர். நெல்லைச் சீமையார் பின்னதைக் கேட்டு வேறு பொருள் கொள்ள வேண்டாம். அது நீர் மொண்டு குடிக்கும் செம்பைக் குறிக்கும் சொல்லாம். ஏச்சாகத் தொடங்கிய இரண்டும் இன்று பெருமைப் பெயர்கள். ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் நாம் உள்ளம் என்று வழங்கும் இலீஷ் மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் கடைத்தெருவில் விலையேறும்.

மீனோடும் பரிகாசத்தோடும் நின்றிருந்தால் நன்றாயிருக்கும். 1975-இல் கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 0-5 என்று தோற்றபின், அதன் இளம் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் இரு கழகங்களும் ஆடுகையில் பார்வையாளரிடையே கைகலப்பு மூண்டது. நெரிசலில் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் காண வீட்டிலிருந்து கிளம்பிய பதினாறு பேர். ஆண்டுதோறும் அத்தேதியில் அவர்கள் நினைவாக நகரத்தில் இரத்ததானம் நடைபெறுகிறது.

காலனிகள் இன்று மாடி வீடுகளாகிவிட்டன. பாங்கால் பெண்ணைக் கோட்டிக் குடும்பத்தார் மணம் செய்துகொள்வது அங்கே செய்தியேயன்று. அத்தகைய வீடுகளில் ஆட்டத்தன்று தகப்பனார் ஒரு கட்சி, தாயார் ஒரு கட்சி. ஆயினும் கூட்டம் குறையவில்லை. 1997 ஜூலையில் சால்ட் லேக் அரங்கில் இவ்விரு கழகங்களும் மோதியபோது, ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர்.

2024 ஆகஸ்டு 18-ந் தேதி டூராண்ட் பந்தயத்தில் இரு கழகங்களும் மீண்டும் அவ்வரங்கில் ஆடவிருந்தன. அம்மாதம் கல்கத்தாவின் அரசு மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டதால் நகரமே கொந்தளித்திருந்தது. காவலுக்குப் போதிய போலீசார் இல்லையெனக் கூறி ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. அன்று மாலை பூட்டிய அரங்கின் வெளியே, பச்சை அரக்குக் கொடிகளும் சிவப்புப் பொன்னிறக் கொடிகளும், முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளைக் கொடிகளும் ஒரே கூட்டத்தில் எழுந்தன. தடியடி நடந்தபோது எந்தக் கழகத்தார் என்று பாராமல் ஒருவரையொருவர் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினர். அடுத்த முறை இரு கழகங்களும் மைதானத்தில் சந்தித்தபோது, பழைய ஏச்சுகள் யாவும் குறைவின்றித் திரும்பின.